ஆண்டவர்மேல் ஆணை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கால் இடறினாலும், பஸ் போய்விட்டாலும் "ஐயோ ஏசப்பா" என்று வாயில் வந்துவிடுகிறது. இது கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவதா?

வலியிலோ பயத்திலோ அவரைக் கூப்பிட்டால் அது ஜெபம்தான். கடலில் மூழ்கப்போன பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை (மத்தேயு 14:30). அவரை நினைக்காமலே எரிச்சலுக்கும் கேலிக்கும் அந்தப் பெயரை இழுப்பதுதான் தவறு. பழக்கத்தை மாற்ற, வாயை அடக்கிப் பார்ப்பதைவிட ஒன்று செய்யலாம். பெயர் வந்துவிட்டால் அதோடு நிறுத்தாமல் "உதவி செய்யும்" என்றோ "நன்றி" என்றோ சேர்த்து முடியுங்கள். வாய் மறந்தாலும் மனசு விழித்துக்கொள்ளும்.

ஆனால் "கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே" என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று; பலரும் இந்த ஒன்றோடு அந்தக் கட்டளையை முடித்துவிடுகிறார்கள். அது முதலில் குறிவைப்பது பொய்யாணையை (லேவியராகமம் 19:12). ஏன் என்பதற்கு யாத்திராகமம் 22:10, 11-ஐப் பாருங்கள். ஒருவர் தன் மாட்டை அயலானிடம் விட்டுப்போகிறார். அது செத்துப்போகிறது, அல்லது யாரும் பார்க்காதபோது யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சாட்சி இல்லை. "நான் கை வைக்கவில்லை" என்று அயலான் கர்த்தர்பேரில் ஆணையிட்டால், மாட்டுக்காரர் அதை ஏற்க வேண்டும். ஈடு கேட்க முடியாது. வழக்கு முழுவதும் அந்த ஒரு பெயரின்மேல் நிற்கிறது. அங்கே பொய் சொல்கிறவன் தன் திருட்டுக்குக் கடவுளையே சாட்சியாக நிறுத்துகிறான்.

கேள்வி: "உனக்கு இந்த வரன்தான் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்கிறார் எங்கள் ஊழியர் ஒருவர். மறுத்தால் பாவமாகுமா?

ஆகாது. கர்த்தர் சொல்லாததைச் சொன்னார் என்பதுதான் பாவம். உபாகமம் 18:20 அதற்கு மரணத்தையே தண்டனையாக விதித்தது. நம் காலத்தில் இந்தக் கட்டளை அதிகம் மீறப்படும் இடம் இதுவே என்பேன். தூஷண வார்த்தைக்கு முகம் சுளிக்கிற சபை, இதற்கு "ஆமென்" சொல்லிவிடுகிறது.

எரேமியா 28-ஐ வாசியுங்கள். பாபிலோனின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார், ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவரும் என்று ஐந்தாம் மாதத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி அறிவித்தான். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்றார் எரேமியா; ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான்.

நிதானித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. 1 கொரிந்தியர் 14:29 தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறது. சொல்கிறவருக்கு இதில் லாபம் உண்டா? பெரியவர்கள் முன்னிலையில் இதையே சொல்வாரா? "யாரிடமும் சொல்லாதே, உடனே முடிவெடு" என்கிறாரா? சொன்னது நடந்துவிட்டாலும் அது மட்டும் அத்தாட்சியாகாது. உபாகமம் 13:1-3 அதையும் எச்சரிக்கிறது. நல்லெண்ணத்தில் யோசனை சொல்கிறவர் "எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்லலாமே. அப்படிச் சொன்னால் மறுக்க இடம் இருக்கும். "கர்த்தர் சொன்னார்" என்றால் அந்த இடமே இல்லாமல் போகிறது.

கேள்வி: இது இரண்டாம் கட்டளையா, மூன்றாம் கட்டளையா?

கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இரண்டாவது என்பார்கள். ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபையார் மூன்றாவது என்பார்கள். வசனம் ஒன்றுதான், எண்ணும் முறைதான் வேறு.

கேள்வி: "பரிச்சேதம் (ஒருபோதும்) சத்தியம்பண்ணவேண்டாம்" என்றாரே இயேசு. கோர்ட்டில் சத்தியம் செய்யலாமா?

குவேக்கர்கள், மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடாது என்பார்கள். அதற்காகச் சிறை சென்ற குவேக்கர்கள் உண்டு. மற்ற பெரும்பாலான சபைகள் அனுமதிக்கின்றன. பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னார். பவுலும் தேவனைச் சாட்சியாக அழைக்கிறார் (2 கொரிந்தியர் 1:23). இயேசு கண்டித்தது அன்றாடப் பேச்சில் ஆணையை அள்ளித் தெளிப்பதையும், மத்தேயு 23:16-இல் வருகிற தந்திரத்தையும்: தேவாலயத்தின்மேல் ஆணையிட்டால் ஒன்றுமில்லையாம், அதன் பொன்மேல் ஆணையிட்டால்தான் கடனாளியாம்! மனசாட்சி உறுத்தினால், கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: "ஆண்டவர்மேல் ஆணை, இனி தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன்" என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

அந்த ஆணையைக் காப்பாற்றாதீர்கள். ஏரோது ராஜா தன் ஆணைக்காகத்தான் யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டுவித்தான். தன்னை அவமதித்த நாபாலின் வீட்டாரைக் கொல்வேன் என்று சபதம் செய்த தாவீதோ, நாபாலின் மனைவி அபிகாயில் தடுத்ததும் கர்த்தரை ஸ்தோத்திரித்தான் (1 சாமுவேல் 25).

அதற்காக, சொன்னது ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். யோசியாமல் ஆணையிட்டவனுக்கு லேவியராகமம் 5 வழி சொல்கிறது: முதலில் பாவத்தை அறிக்கையிட வேண்டும், பிறகு ஒரு பெண் ஆட்டுக்குட்டி அல்லது வெள்ளாட்டுக்குட்டி, வசதி இல்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள், அதற்கும் வழியில்லாவிட்டால் எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல். பலி இன்று இல்லை, அறிக்கை இருக்கிறது. கத்தோலிக்கர் ஒப்புரவு அருள்சாதனத்தில் சொல்லலாம். மற்றவர்கள் ஜெபத்தில், விரும்பினால் போதகரிடமும். அந்த ஆணையைக் கேட்டவர்கள் இருந்தால் அவர்களிடமும் "சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். அப்புறம் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.