வேலூரில் இலவசக் கலைநிகழ்ச்சிகள் பல பண்பாட்டினரை ஒன்றுசேர்க்குமா?

சேர்க்கும், ஆனால் அதற்குப் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு இல்லாத கலை, வேலூரை உள்ளடக்கிய வட ஆற்காட்டுப் பகுதிக்குப் பழகியதுதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் நாள்களில், பகலில் தமிழ் மகாபாரதமான வில்லிபாரதத்தைப் பாட்டும் உரையுமாகச் சொல்ல, இரவில் அதே கதையைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் தோளணியான புஜக்கட்டையும் அணிந்த கலைஞர்கள் விடியும் வரை ஆடுவார்கள். செலவை ஊர்மக்கள் வரி போட்டுத் திரட்டுவதால், பார்க்க வருபவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. அர்ச்சுனன் தவம் செய்யும் பகுதியான அர்ச்சுனன் தபசில் நட்ட மரத்தின் மேல் ஏறி நின்று நடிகர் பாடுவதையும், போர் முடியும் காட்சியான படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் அடித்துப் பிளப்பதையும் காணப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிடுவார்கள்.

இன்றைய வேலூரில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் புழங்குகின்றன. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி வங்காளமும் இந்தியும்கூடக் கேட்கும். கோட்டைக்குள்ளேயே சலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கின்றன. இத்தனை மொழியினருக்கும் சமயத்தினருக்கும் பொதுமேடை அமைப்பவர்கள் ஒரு மொழிக்குப் பத்து நிமிடம் என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பத்து நிமிடத்தில் கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குக்கூட நேரம் போதாது. ஓர் இரவு முழுவதும் கூத்து, மற்றோர் இரவு உருதுக் கவியரங்கமான முஷாயிரா என்று வைத்து, கதையை மட்டும் பிற மொழிகளில் முன்கூட்டியே சுருக்கமாக அறிவித்தால், மொழி தெரியாதவரும் உட்கார்ந்து கேட்பார்கள். நுழைவு இலவசமாக இருக்கலாம். கலைஞரின் சம்பளத்தை மட்டும் முன்பே பேசிக் கொடுத்துவிட வேண்டும்.