'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்': எதை எப்போது சொல்வது?

இரண்டுமே 'பார்த்தேன்'தானே, அப்புறம் ஏன் இரண்டு வடிவம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். 'போன வருஷம் தாஜ்மகாலைப் பார்த்தேன்' என்றால் 'ஐ சா'. வெறுமனே 'தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் சீன்'. முதலாவது, முடிந்துபோன ஒரு நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் எப்போது என்பது பேச்சே இல்லை; பார்த்த அனுபவம் இப்போது என்னிடம் இருக்கிறது, அதுதான் செய்தி. அதனால்தான் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு. நேற்று முடிந்துவிட்டது. 'டுடே', 'திஸ் வீக்' என்றால் சரி, அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் 'இருக்கிறேன்' வந்தால் 'ஹேவ்' என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்பதில் 'இருக்கிறேன்' இல்லை. சாவி இன்னும் கிடைக்காததால் பிரிட்டிஷ்காரர் 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பார். அமெரிக்கர் பலர் 'ஐ லாஸ்ட் மை கீ' என்றே விட்டுவிடுவார்கள்.

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் வேறு. 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று மாற்றினால் இரண்டு பிழை. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பது சரி. அன்று தொடங்கியது இன்றும் தொடர்வதால் 'ஹேவ்'. கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய புள்ளிக்குத்தான் 'சின்ஸ்': 'சின்ஸ் 2015'.