சிவப்பழகு கிரீமில் பாதரசம்

கேள்வி: இணையத்தில் வாங்கிய சிவப்பழகு கிரீமைப் பூசுகிறேன். அதில் பாதரசம் இருக்குமா? அம்மாவுக்கு லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உண்டு.
– வாசகி, ஈசூன்

பதில்: டப்பாவில் 'கலோமல்' (ஒரு பாதரச உப்பு) என்றோ, 'நகையில் படக் கூடாது' என்றோ இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அழகுப் பொருள்களில் பாதரசத்துக்கு ஆசியான் வரம்பு 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிடிபடும் கிரீம்கள் சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பாதரசம் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் உருவை மாற்றும். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் சொந்தப் புரதத்தையே அந்நியமாக எண்ண, இன்னொரு வகையான பி செல்கள் அதற்கு எதிர்ப்பொருள் சுரக்கும். எலிகளில் இது மரபணுவைப் பொறுத்தது: ஓரினம் நோயுறும், இன்னோரினத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அம்மாவின் லூபஸை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் வந்தே தீரும் என்பதல்ல.

மனிதரிடம் தெளிவாகக் கண்டது சிறுநீரக வடிகட்டியின் பாதிப்பு: நுரைத்த சிறுநீர், வீங்கிய கால். பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்ப் புரதத்தைப் பாருங்கள். பாதரசச் சோதனையும் கேளுங்கள். கிரீமை ஜிப் பையில் மூடி எடுத்துப்போங்கள். தலையணை உறை, துண்டையும் மாற்றுங்கள், பிள்ளைகள்மீதும் ஒட்டும்.