வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் நினைவில் நிற்க

கேள்வி: எங்கள் ஆங்கில ஆசிரியர் வாரந்தோறும் 20 கடினமான சொற்களைக் கொடுத்து வெள்ளிக்கிழமை தேர்வு வைக்கிறார். முதல் நாள் இரவு பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறேன். இரண்டு வாரம் போனால் பாதிச் சொற்கள் மறந்துவிடுகின்றன. கட்டுரையில் துணிந்து எழுதினாலோ, 'சொல் பொருந்தவில்லை' என்று சிவப்பு மையில் சுழித்துவிடுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? (மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருவர்)

பதில்: மறதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். எனவே சொல்லை ஓர் அட்டையின் ஒரு பக்கத்திலும் பொருளை மறுபக்கத்திலும் எழுதி, புரட்டிப் பார்ப்பதற்கு முன் விடையைச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டையைச் சில நாள் தள்ளி எடுக்கலாம். தவறியது மறுநாளே திரும்ப வர வேண்டும். நாளுக்கு நான்கைந்து சொற்கள் போதும்.

சிவப்புச் சுழிதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. 'மிட்டிகேட்' என்ற சொல்லுக்கு நேரே 'தணித்தல்' என்று மட்டும் குறித்துவைத்தால், தமிழில் தாகமும் கோபமும் பாதிப்பும் எல்லாமே தணிவதால், தாகத்தையும் அதே சொல்லால் தணிக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் தாகத்துக்கு 'குவென்ச்', கோபமாக இருப்பவரைச் சமாதானப்படுத்த 'பேசிஃபை'. 'மிட்டிகேட்' பெரும்பாலும் 'ரிஸ்க்', 'டேமேஜ்', 'இம்பேக்ட்' போன்ற சொற்களோடுதான் சேரும். ஆகவே அட்டையில் பொருளோடு நிறுத்தாமல், அந்தச் சொல் வழக்கமாக எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதையும், நல்ல அகராதியிலிருந்து எடுத்த ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் பொருளை மட்டும் எழுதிய அட்டை கட்டுரைக்குப் பயன்படாது என்பதே என் கருத்து.

லத்தீன் வேர்களும் கைகொடுக்கும். நன்மையைக் குறிக்கும் 'பெனே' தெரிந்தால் 'பெனிவலன்ட்' (நல்லெண்ணம் கொண்ட), 'பெனிஃபேக்டர்' (நன்மை செய்பவர்) இரண்டும் ஒன்றாகவே பிடிபடும். தீமையைக் குறிக்கும் 'மலே' தெரிந்தால் 'மலெவலன்ட்' (தீய எண்ணம் கொண்ட) புரிந்துவிடும். ஆனால் வேரை மட்டும் நம்பி ஊகிக்காதீர்கள்: மரச்சுத்தியலைக் குறிக்கும் 'மேலட்' பார்வைக்கு அந்தக் குடும்பம்போல் இருந்தாலும், சுத்தியலுக்கான வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கட்டுரையில் ஒரு பத்திக்கு ஒரு புதிய சொல்லுக்கு மேல் வேண்டாம். எளிய சொல் பொருந்தும் இடத்தில் அதையே எழுதுங்கள். இதுவரை சுழிக்கப்பட்ட வாக்கியங்களைத் திரட்டி, அந்த இடத்தில் எந்தச் சொல் வந்திருக்க வேண்டும் என்று ஆசிரியரிடமே கேட்டு, அவற்றையே இந்த வாரத்தின் முதல் அட்டைகளாக்கிக்கொள்ளுங்கள்.