பாவித்த ரிம்மும் ரயரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லான்சர் எவலூஷன் காரிலிருந்து கழற்றிய 17 அங்குல அலோய் ரிம்கள் நான்கை, ரயர்களோடு விற்கப் படம் போட்டேன். இரண்டு மாதமாகியும் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். (கொக்குவில்)

பதில்: படத்தை மட்டும் பார்த்து யாரும் ரிம் வாங்க முடியாது. ஐந்து நட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடுத்துளை 67.1 மில்லிமீற்றர் என்பவற்றையும், ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தையும் ஓப்செற் எண்ணையும் (காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) எழுதுங்கள். நம் வீதிகளில் அதிகம் ஓடும் விற்ஸ், வாகன் ஆர் போன்றவை நான்கு நட்டும் 100 மில்லிமீற்றர் வட்டமும் கொண்டவை என்பதால், உங்கள் ரிம்மை வாங்கக்கூடியவர்கள் இயல்பாகவே சிலர்தான். ஐந்து நட் ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர் கேட்டால், அதன் ஹப் (ரிம்மின் நடுத்துளைக்குள் நுழையும் பகுதி) 64.1 மில்லிமீற்றர் என்பதால் இடைவெளியை நிரப்பும் இடைவளையம் தேவை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரயருக்கும் ரிம்முக்கும் தனித்தனியாக விலை போடுங்கள். ரயர் பழையதானாலும் ரிம்மின் பெறுமதி குறையாது.

கேள்வி: முழுப் பணத்தையும் வங்கியில் போட்டு ரிம் எடுப்பித்தேன். எனது கார் நான்கு நட். வந்தது ஐந்து துளை. என்ன செய்யலாம்? (மானிப்பாய்)

பதில்: விற்றவர் துளைகளின் எண்ணிக்கையைச் சரியாகவே எழுதியிருந்தால், அதே ரிம்மை நீங்கள் வேறொருவருக்கு விற்பதே வழி. சொந்தக் காரின் நட்டை எண்ணாமல் பணம் அனுப்பியதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: கடையொன்றில் வாங்கிய ரிம்மில் கார் 80 கிலோமீற்றர் வேகத்தில் நடுங்கியது. ரயரைக் கழற்றியபோது உட்பக்கத்தில் வெல்டிங் செய்து நிறம் பூசியிருப்பது தெரிந்தது. கடைக்காரர் "பாவித்த பொருளுக்குப் பொறுப்பில்லை" என்கிறார். (சுன்னாகம்)

பதில்: உங்கள்மீது ஒரு தவறும் இல்லை. ரயர் மாட்டியிருக்கும் நிலையில் அந்த ஒட்டு யார் கண்ணுக்கும் படாது. பொருள் பாவித்தது என்பதால், அதன் பழுதை மறைத்து விற்கும் உரிமை வியாபாரிக்கு வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டையும், கழற்றியபோது எடுத்த படத்தையும், வெல்டிங்கைக் கண்ட கராச்காரரின் குறிப்பையும் இணையுங்கள். 1977 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். அந்த ரிம்மில் இனி ஒரு நாளும் ஓடாதீர்கள்.

கேள்வி: மேற்பரப்பின் பள்ளம் நன்றாக இருக்கிற, வேகக் கார்களுக்கான வேக ரகப் பாவித்த ரயர்கள், பாதி விலைக்கு வருகின்றன. வாங்கலாமா? (கோப்பாய்)

பதில்: பள்ளத்தை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கத்தைப் பற்றி நான் பல முறை எழுதியிருக்கிறேன்; இன்னும் எழுதுவேன். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். ரயரை அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டு, "திகதி இல்லை" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். வேக ரக ரயரின் மென்மையான ரப்பர்தான் அதன் பிடிப்பு. எங்கள் வெயிலில் அது இறுகிவிட்டால், பள்ளத்தின் அடியில் இருக்கும் 1.6 மில்லிமீற்றர் தேய்மானக் கோட்டுக்கு மேலே எவ்வளவு பள்ளம் இருந்தும் ஈர வீதியில் பயனில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் கறுப்பு மினுக்கு பூசிய அப்படியொரு சோடியை வாங்கினேன். கார்த்திகை மழையில் ஆனையிறவு தாண்டிப் பிரேக் பிடித்தபோது கார் நேரே வழுக்கிச் சென்றது. அன்று வீட்டாரும் உள்ளே இருந்தார்கள். துணியை ஈரமாக்கி மினுக்கைத் துடையுங்கள், பள்ளங்களின் அடியில் வெடிப்புத் தேடுங்கள், எண்ணைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஹொண்டா காரோடு வந்த பழைய நட்களையே, வேறு நிறுவனத்தின் அலோய் ரிம்முக்குப் போடலாமா? (நல்லூர்)

பதில்: கூடாது. ஹொண்டாவின் நட்டில் ரிம்மோடு அமரும் முனை உருண்டையானது. மற்ற அலோய் ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். விற்பவரிடம் ரிம்மோடு நட்டையும் கேட்டு வாங்குங்கள்.