இடைக்கால இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் என்னதான் வேலை நடந்தது?

சுருக்கமாகச் சொன்னால், அரசர் பணம் கேட்பார். வந்தவர்கள் குறைகளைச் சொல்வார்கள். அரசர் அழைத்தால் மட்டுமே கூடி, சில வாரங்களில் கலைந்துவிடும் அவை அது.

காரணம் போர். அரசரின் சொந்த நில வருமானம் பிரான்சோடு நடந்த நீண்ட போருக்குப் போதவில்லை. வரி போட மக்களவையின், அதாவது மாவட்டங்களும் நகரங்களும் அனுப்பிய உறுப்பினர்களின், சம்மதம் தேவைப்பட்டது. கிராமங்களில் அசையும் சொத்தில் 15-இல் ஒரு பங்கு, நகரங்களில் 10-இல் ஒரு பங்கு என்பது வழக்கமான வரி. வாடகையை ஏற்றச் சொல்லும் வீட்டுக்காரரிடம், "முதலில் ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள்" என்று குடியிருப்பவர் சொல்வதில்லையா? அதே பேரம்தான்.

1376-இல் இது உச்சத்துக்குப் போனது. உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் எண்கோண மண்டபத்தில் கூடி, பீட்டர் டி லா மேர் என்பவரைத் தங்கள் சார்பில் பேச வைத்தார்கள். அரசவையின் ஊழலை விசாரிக்கச் சொன்னார்கள்; கேட்ட நேரடி வரியைத் தர மறுத்தார்கள். எட்வர்ட் 3 போன்ற ஓர் அரசரின் ஆட்சியில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

மனுக்களுக்கு அரசரின் பதில் பிரெஞ்சு மொழியில் வரும். "அரசர் விரும்புகிறார்" என்றால் சம்மதம். "அரசர் யோசிப்பார்" என்றால் மறுப்பு. எத்தனை நாசூக்கான சொல் பாருங்கள்.

மக்களவை என்ற பெயரைக் கேட்டு, எல்லோரும் வாக்களித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 1430-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்டங்களில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர்களுக்கே அந்த உரிமை இருந்தது.