பிரான்சுவாஸ் ஹார்டி: முகமும் பாட்டும் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மெல்லிய குரல்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையில் பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஹார்டியின் பெயரை ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன்பின் அவருடைய பாடல்களைத் தேடிக் கேட்டேன். 2024 ஜூன் மாதம் அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளையும் படித்தேன். எனக்குக் குழப்பமே மிஞ்சியது. பெரும்பாலான குறிப்புகள் அவருடைய அழகையும், உடைகளையும், அவர்மேல் மையல்கொண்ட புகழ்பெற்ற பாடகர்களையும் பற்றியே பேசுகின்றன. தன்னை உலகறியச் செய்த முதல் பாடலின் பதிவே தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இருபத்து நான்கு வயதில் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். பாடல்களோ ஏறத்தாழ அனைத்தும் காத்திருப்பும் பிரிவும்தான். மேடையேறாமல், ஒரே உணர்ச்சியைத் திரும்பத் திரும்பப் பாடிய ஒருவரைப் பெரிய கலைஞர் என்று எப்படிக் கொள்வது? ஒரு காலகட்டத்தின் அழகிய முகம் என்பதற்கு மேல் அவரிடம் என்ன இருக்கிறது? பிரெஞ்சு தெரியாததால் நான் எதையாவது தவறவிடுகிறேனா என்ற ஐயமும் உண்டு.

அன்புடன்,
க.
கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

அந்தக் குறிப்புகள் உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை. அறுபதுகளில் எடுக்கப்பட்ட அவருடைய புகைப்படங்கள் அத்தனை புகழ்பெற்றவை. எழுதுபவரின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்டி அடிப்படையில் பாட்டு எழுதுபவர். குரல், முகம், மேடை, புகழ் எல்லாவற்றையும் அவர் அந்த வேலைக்கு உட்பட்டவையாகவே கருதினார். அதற்கு உதவாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். முதல் பதிவின்மேல் அவருக்கிருந்த வெறுப்பு, மேடையை விட்டது, துயரத்தை விட்டு அகலாதது என்று நீங்கள் குறையாகக் காணும் மூன்றும் இந்த ஒரே இயல்பிலிருந்து பிறந்தவை.

அவர் 1944 ஜனவரி 17 அன்று, ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் பிறந்தார். கணக்கு எழுதும் வேலை பார்த்த தாய்தான் அவரையும் தங்கையையும் தனியாக வளர்த்தார். தந்தை வேறொரு குடும்பம் உள்ள மனிதர், எப்போதாவது வந்துபோவார், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியின் கட்டணத்தைக்கூடக் காலம் தாழ்த்தியே கட்டுவார். மற்ற மாணவிகளுக்கு முன் இந்த நிலைமை தந்த கூச்சத்தையும், விடுமுறை நாட்களில் பாட்டி வீட்டில் தன் தோற்றத்தைப் பற்றி இடைவிடாமல் கேட்க நேர்ந்த இழிசொற்களையும் 2008இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவிலேயே மிகுதியாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட முகங்களுள் ஒன்றாக அவர் முகம் ஆனபோதும், தான் அழகில்லாதவள் என்ற அந்த இளமைக்கால நம்பிக்கை அவரை விடவில்லை. அவருடைய பாடல்களில் வரும் பெண் எப்போதும் தான் விரும்பப்படுவோமா என்று ஐயுறுகிறாள் என்றால், அந்த ஐயத்தில் நடிப்பு சிறிதும் இல்லை.

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, டிரான்சிஸ்டர் வானொலியா கித்தாரா என்று தயங்கிக் கடைசியில் கித்தாரைக் கேட்டார். இரவுகளில் ரேடியோ லக்சம்பர்க்கின் ஆங்கில ஒலிபரப்பில் எவர்லி சகோதரர்களையும் கிளிஃப் ரிச்சர்டையும் கேட்டு வளர்ந்த பெண், கைக்கு வந்த சில சுரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு தானே பாட்டுக்கட்டத் தொடங்கினார். ஓர் இசைத்தட்டு நிறுவனம் அவரை மறுத்தது. 1961 நவம்பரில் வோக் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் திரையிசையில் எழுதுபவரும் மெட்டமைப்பவரும் பாடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதே வழக்கம் என்பதால், பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் மூன்றையும் தாமே செய்தார் என்பதன் எடை நமக்கு உடனே புலப்படாமல் போகலாம். அன்றைய பிரான்சிலும் அது அரிது. 'யே-யே' என்று அழைக்கப்பட்ட இளைஞர் இசையின் பெரும்பகுதி அமெரிக்கப் பாடல்களைப் பிரெஞ்சில் மாற்றிப் பாடுவதாகவே இருந்தது.

ஹார்டியின் முதல் தட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. நிறுவனம் அதைத்தான் முன்னிறுத்தியது. ஆனால் அவர் எழுதிய 'தூ லே கார்சோன் ஏ லே ஃபீய்', அதாவது 'எல்லாப் பையன்களும் பெண்களும்' என்ற பாட்டையே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1962 அக்டோபர் 28 அன்று, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா என்ற பொதுவாக்கெடுப்பின் முடிவுகளுக்காக நாடு தொலைக்காட்சி முன் காத்திருந்த இரவில், இடையே ஒளிபரப்பான அந்தப் பாட்டு அவரை ஒரே நாளில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தன் வயதுடைய எல்லோரும் தெருவில் கைகோத்து இரண்டிரண்டு பேராக நடக்கிறார்கள், நான் மட்டும் தனியே நடக்கிறேன் என்பதே அதன் பொருள். மெட்டு ஏறுவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை; சரணம் சரணமாக ஒரே நடையில் செல்கிறது, தனியே நடப்பவளின் நடையைப் போலவே.

அந்தப் பதிவை அவர் ஏன் வெறுத்தார்? சில மணி நேரத்தில், அக்கறையற்ற வாத்தியக்காரர்களைக் கொண்டு, நான்கு பாடல்களையும் ஒரேயடியாகப் பதிவு செய்து முடித்தார்கள். இலட்சக்கணக்கில் விற்ற ஒரு தட்டைப் பற்றிப் பத்தொன்பது வயதுப் பெண் மகிழ்ந்திருக்கலாம். அவரோ லண்டனுக்குச் சென்று பதிவு செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1964 முதல் சார்லஸ் பிளாக்வெல் போன்ற ஆங்கில இசைநடத்துநர்களுடன் அங்கே செய்த பதிவுகளில்தான், தன் மனதுக்குள் கேட்ட ஒலியை முதன்முதலாக வெளியில் கேட்டார். தன் வெற்றியைத் தானே கறாராக மதிப்பிட்டு அதன் குறையைச் சொல்லத் தெரிந்தவரை அழகிய முகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முகத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'சலூ லே கோப்பேன்' என்ற இளைஞர் இசை இதழின் புகைப்படக் கலைஞரும் அன்றைய காதலருமான ழான்-மரி பெரியே அவருடைய தோற்றத்தை உருவாக்கினார். கூரேஜும் பாகோ ரபானும் உடைகள் வடித்தனர். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தன் 1964ஆம் ஆண்டு இசைத்தட்டின் பின்னட்டையில் அவரை விளித்து ஒரு கவிதை எழுதினார். 1966இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடியபோது, அவரைச் சந்தித்தால்தான் கச்சேரியின் இரண்டாம் பாதிக்கு மேடையேறுவேன் என்றார். உண்மைதான், சுவையான செய்திதான். ஆனால் இவையெல்லாம் மற்றவர்கள் ஹார்டியைப் பார்த்த கதைகள். ஹார்டி செய்தது என்ன என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

இனி மேடை. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1963இல் மொனாகோ நாட்டின் சார்பாகப் பாடி ஐந்தாம் இடம் பெற்றவர். லண்டன் சவாய் விடுதி வரை கச்சேரிகள் செய்தவர். 1968இல் நிறுத்திக்கொண்டார். மேடையச்சம் அவரை ஒவ்வொரு முறையும் வாட்டியது. பாடகர் ழாக் துத்ரோங்குடன் 1967இல் தொடங்கிய உறவும், அதன் நெடிய பிரிவுகளும் பயணங்களைப் பொறுக்க முடியாதவை ஆக்கின. ஆயினும் இதை அச்சத்தின் கதையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அவருடைய குரல் சிறியது. அரங்கின் கடைசி வரிசை வரை எட்டுவதற்காக அதை உயர்த்தினால், அதன் தனித்தன்மையான அந்தரங்கத் தொனி உடைந்துவிடும். ஒலிவாங்கிக்கு மிக அருகே, ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் பாடும்போதுதான் அந்தக் குரலில் மூச்சின் தயக்கமும் சொல்லின் ஓரமும் கேட்கின்றன. ஒலிப்பதிவுக்கூடமே தன் இடம் என்று அவர் உணர்ந்தார். கச்சேரிகளே வருமானமும் விளம்பரமுமாக இருந்த தொழிலில், உச்சப் புகழின் நடுவே அந்த முடிவை எடுக்கத் துணிவு வேண்டும்.

அந்த முடிவு என்ன தந்தது என்பதற்கு விடை 1971இல் வெளியான 'லா கெஸ்தியோன்' இசைத்தொகுப்பு. நீங்கள் கேட்டவற்றில் இது இருந்ததா என்று தெரியவில்லை. இல்லையென்றால் உங்கள் குழப்பத்துக்கு அதுவே பெரிய காரணம். பாரிஸில் ஒரு பிரேசிலிய உணவகத்தில் பாடிக்கொண்டிருந்த தூக்கா என்ற பிரேசிலியக் கித்தார் கலைஞரை ஹார்டி சந்தித்தார். தொகுப்பின் பெரும்பாலான மெட்டுகள் தூக்கா அமைத்தவை. பதிவுக்கு முன் இருவரும் பல வாரங்கள் சேர்ந்து பாடிப் பழகினார்கள். அவசரமாகப் பதிவான முதல் தட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் குரலும் நைலான் தந்திக் கித்தாரும். அவற்றுக்குப் பின்னரே தந்தி வாத்தியக் குழுவின் இசை சேர்க்கப்பட்டது. அதுவும் குரலைச் சூழ்ந்துகொள்ளாமல், அங்கங்கே தொலைவில் வந்து நிற்கிறது. தாளவாத்தியங்கள் அனேகமாக இல்லை. ஆகவே பாட்டின் காலத்தை மூச்சே வகுக்கிறது. சில இடங்களில் சொற்கள் முடிந்தபின் ஹார்டி வெறும் முனகலாக மெட்டைத் தொடர்கிறார், அப்போது கித்தார் அவருக்குப் பின்னால் அரைக்கணம் தாமதித்து வருகிறது. அந்தத் தாமதத்தில் இருக்கும் ஏக்கத்தை எந்த உரத்த குரலாலும் சொல்லியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அத்தொகுப்பு அப்போது பெரிதாக விற்கவில்லை. புகழ்பெற்ற பாடகியிடம் மக்கள் எதிர்பார்த்த ஆடத்தக்க பாடல் அதில் ஒன்றுகூட இல்லை. இன்றோ பிரெஞ்சுப் பாடல் வரலாற்றின் உயர்ந்த படைப்புகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. தூக்கா 1978இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் பெயரை அஞ்சலிக் குறிப்புகளில் நீங்கள் கண்டிருக்க வாய்ப்பு குறைவு, டிலன் பெயரைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி இது. அதே காலத்தில் இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கை அறிந்துகொண்டவர்களுள் ஹார்டியும் ஒருவர். அவருடைய ஒலிப்பதிவுக்கு வந்த டிரேக் ஒரு மூலையில் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுப் போவார். சேர்ந்து பணியாற்றும் எண்ணம் கைகூடவில்லை. ஆனால் எவருடைய இசையை நாடினார் என்பது ஹார்டியின் காது எப்படிப்பட்டது என்று காட்டுகிறது.

மகன் தோமா பிறந்த 1973ஆம் ஆண்டில் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான மிஷேல் பெர்ழேயுடன் உருவாக்கிய 'மெசாஜ் பெர்சொனெல்' அவரை மீண்டும் பரவலான கேட்பாளர்களிடம் கொண்டுசென்றது. எழுபதுகளின் பிற்பகுதியில் நடன இசையின் பக்கம் சென்ற தொகுப்புகளை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. 1988இல் இதுவே கடைசி என்று அறிவித்து விலகி, சோதிட ஆய்விலும் எழுத்திலும் ஈடுபட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, ஐம்பத்திரண்டு வயதில், கரடுமுரடான மின்கித்தார்களுடன் 'லெ தான்ழே' என்ற தொகுப்பைத் தந்தார். பழைய இனிமையை எதிர்பார்த்தவர்களை அது திகைக்க வைத்தது. அதன் வரிகள் அத்தனையும் அவருடையவை. அவற்றில் சினமும் கசப்பும் மறைவின்றி இருக்கின்றன.

ஒரே உணர்ச்சியைப் பாடினார் என்ற உங்கள் மூன்றாவது குறையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அவர் பாடுபொருளை மாற்றவில்லை என்பது பெருமளவு சரி. இடித்துத் தள்ளப்பட்ட இளமைக்கால வீட்டைப் பற்றி 1966இல் பாடிய பாட்டு போன்ற விதிவிலக்குகள் சிலவே. ஆனால் பதினெட்டு வயதில் காத்திருப்பவளும், முப்பதை நெருங்கும்போது கிடைத்த காதலுக்குள்ளேயே காத்திருப்பவளும், ஐம்பதில் காத்திருந்த ஆண்டுகளைக் கணக்குப் பார்ப்பவளும் ஒருத்தி அல்லள். 2004இல் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின் எழுதிய 'தான் த பெல் ஷோஸ்' பாட்டில், மரணத்தை எதிர்நோக்கும் தாய் தன் மகனிடம் அன்பு இறப்பைக் கடந்து நிற்கும் என்று சொல்கிறாள். பிரிவையே நாற்பது ஆண்டுகள் எழுதிவந்த கைக்குத்தான் அந்தப் பிரிவை இவ்வளவு அமைதியாக எழுத முடியும். 2015இல் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்து, பிழைத்துவந்து, எழுபத்து நான்கு வயதில் 2018இல் 'பெர்சொன் தோத்ர்' என்ற கடைசித் தொகுப்பை வெளியிட்டார். அதில் குரல் தாழ்ந்து, உலர்ந்து ஒலிக்கிறது; சொற்களின் தெளிவு மட்டும் சற்றும் குறையவில்லை. பிறகு தொண்டைப் பகுதியில் வந்த புற்றுநோய்க்கான கதிர்வீச்சு அவரைப் பாட முடியாதவராக்கியது. கொடிய நோயால் துன்புறுவோர் தம் இறப்பைத் தாமே தேர்ந்துகொள்ளச் சட்டம் இடந்தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் அதிபர் மக்ரோனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2024 ஜூன் 11 அன்று அவர் இறந்ததை மகன் தோமா அறிவித்தார்.

பிரெஞ்சு தெரியாததால் சில நுட்பங்கள் தவறத்தான் செய்யும். ஆயினும் தமிழ் அறிந்தவருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. 'மெசாஜ் பெர்சொனெல்' பாட்டின் தொடக்கத்தை ஹார்டி தானே எழுதிப் பேச்சாக வாசிக்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரிடம் சொல்ல முடியாத சொற்களை 'நீங்கள்' என்று விளித்துச் சொல்லிக்கொண்டு வருகிறார். பெர்ழே எழுதிய பாட்டு தொடங்கும்போது அது 'நீ' ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் அவர் குரலில் நேரும் மாற்றத்தைக் கேளுங்கள், அகராதி தேவைப்படாது. 'லா கெஸ்தியோன்' தொகுப்பை முழுமையாக, வரிசை மாற்றாமல் இருமுறை கேளுங்கள். பிறகு 'லெ தான்ழே'. 1962ஆம் ஆண்டின் முதல் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் உங்கள் கருத்து மாறவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.

அன்புடன்